எந்த மருத்துவரிடம் போவது?
(புராஸ்டேட் புற்றுநோய் குறித்து ஒரு பாடம்)



மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயை நாம் அறிவோம். பன்னிரண்டு வருஷமாக வைத்தியர் மாற்றி வைத்தியரிடம் அலைந்தும், கையிலிருந்த பணம் கரைந்ததே தவிர நோய் குறையவில்லை. அந்த அலைச்சல் நம் ஊர்களில் இன்றும் ஓயவில்லை. காடாம்புலியூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பத்துப் பெரியவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், மறுவாரமே முந்திரித் தோப்பை அடமானம் வைக்கும் பேச்சு எழும்புகிறது. எந்த மருத்துவர் என்ற கேள்வியோ, யாரோ சொன்ன ஒரு பெயரோடு முடிந்துவிடுகிறது. வயதான ஆண்களுக்கு வருகிற புராஸ்டேட் புற்றுநோயை முன்வைத்து இதைச் சற்று ஆராய்வோம்.

1. நோயின் நிலையை முதலில் அறியவேண்டும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சிறு சுரப்பி. வயது ஏற ஏற அது வீங்குவது சகஜம். இரவில் பலமுறை எழுந்திருப்பதும், சிறுநீர் தடைப்படுவதும் பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கத்தால்தான். புற்றுநோயோ ஆரம்பத்தில் ஓர் அடையாளமும் காட்டாமல் இருக்கலாம். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தால் மட்டும் புற்றுநோய் என்று முடிவு கட்டக்கூடாது. வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும் அது கூடும். சதைத் துணுக்கெடுத்துப் பார்க்கும் பயாப்சியே உறுதி கூறும். அதில் கிளீசன் எண் பொதுவாக 6 முதல் 10 வரை வரும். 6 என்றால் மெதுவாக வளரும் நோய். 8-ம் அதற்கு மேலும் என்றால் வேகமானது. நோய் பரவியுள்ளதா என்பதை ஸ்கேன்கள் காட்டும். இவை கைக்கு வருமுன்னே சிகிச்சையை நிச்சயிக்கிற மருத்துவரிடம் அவசரப்பட்டுச் சம்மதம் கொடுக்க வேண்டாம்.

2. ஒருவரை மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது

யூராலஜி நிபுணர் அறுவை செய்கிறவர். கதிர்வீச்சு நிபுணர் வேறு. மருந்தினால் புற்றுநோயைக் கட்டுப்படுத்துகிறவர் வேறு. அவரவர் கைக்குப் பழகின வழியை அவரவர் முதலில் சொல்வது மனித இயல்பு. அதில் வஞ்சகம் இல்லை. ஆகையால் நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தால், அறுவை நிபுணரையும் கதிர்வீச்சு நிபுணரையும் பார்த்தபிறகே தீர்மானிப்பது நல்லது.

அதற்கு அவகாசம் உண்டா? பிரிட்டனில் சுரப்பியைத் தாண்டாத நோயுள்ள 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும், ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சும், மற்றொரு பிரிவினருக்குக் கண்காணிப்பும் கொடுத்தார்கள். 15 ஆண்டு முடிவுகள் 2023-ல் வெளியாயின. மூன்று பிரிவிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 97 பேர் இந்த நோயினால் மரிக்கவில்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அறுவைக்குப்பின் சிறுநீர்க் கசிவும் தாம்பத்தியக் குறைவும் அதிகம். கதிர்வீச்சுக்குப்பின் மலக்குடல் தொந்தரவு வரலாம். இவையெல்லாவற்றையும், தாம் செய்யாத சிகிச்சையையும் சேர்த்து, பொறுமையாக விளக்குகிறவரே தகுந்த மருத்துவர்.

3. நோய் பரவியிருந்தால்

இடுப்பு வலி, முதுகு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே காலம் கடத்தி, எலும்பில் பரவிய பின்பு வருகிறவர்கள் நம் நாட்டில் அநேகர். அப்பொழுதும் வழி உண்டு. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். ஊசி மருந்தாலோ, விதைகளை நீக்கும் சிறு அறுவையாலோ இதைச் செய்யலாம். ஊசியைத் தொடர்ந்து போடவேண்டும். அறுவை ஒருமுறைச் செலவு. இரண்டையும் சொல்லும்படி கேளுங்கள். ஆனால் முதுகு வலியோடு கால் பலவீனமானாலும், சிறுநீர் முற்றும் அடைத்துக்கொண்டாலும் ஆலோசித்துக் கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

4. எங்கே போவது?

சிதம்பரம் அண்ணாமலைநகரில், முன்பு ராஜா முத்தையா என்ற பெயரில் இருந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்போது அரசினுடையது. பரிசோதனையை அங்கே தொடங்கலாம். புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் உண்டு. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யும் உள்ளன. பயாப்சி கண்ணாடித் தகடுகளையும் அறிக்கைகளையும் ஒரே பையில் வைத்துக்கொண்டால் இரண்டாம் மருத்துவரிடம் காட்டுவது எளிது. அப்படிக் காட்டுவது முதல் மருத்துவருக்கு அவமரியாதை அல்ல.

5. கேட்கவேண்டிய கேள்விகள்

அ) நோய் எந்த நிலையில் உள்ளது? கிளீசன் எண் என்ன?
ஆ) கண்காணிப்பு உட்பட எனக்குள்ள வழிகள் எவை?
இ) இந்த அறுவையை வருஷத்திற்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? அவர்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு எப்படி?
ஈ) கதிர்வீச்சு எத்தனை வாரம்? எங்கே தங்குவது?
உ) முழுச் செலவு எவ்வளவு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா?

6. யார் தீர்மானிப்பது?

ஆஸ்பத்திரி வராந்தாவில், “அப்பாவுக்குச் சொல்லிவிடாதீர்கள், ஐயா” என்று கெஞ்சுகிற பிள்ளைகள் உண்டு. அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆயினும் கசிவோடும் குறைவோடும் வாழப்போகிறவர் அப்பா. விஷயம் தெரியாதவர் எப்படித் தெரிந்துகொள்ளுவார்? வெட்கத்தினால் பேசாதிருக்கும் அவரை நாமும் மூடிவைத்தால், மருத்துவரைத் தெரிந்தெடுப்பது வெறும் பேச்சாகிவிடும். மெதுவாக, ஆனால் உண்மையாக, அவரிடம் சொல்லுங்கள். அவர் மருத்துவர் முன் உட்காரும்போது கூட ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், அந்த வேலை சபையாருடையது.

ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் சபையில் வயதான ஆண்கள் இந்த உபாதையைச் சொல்லத் தயங்குவது ஏன்?
2. தனியாயிருக்கும் ஒரு பெரியவரோடு புதுச்சேரிக்கோ வேலூருக்கோ துணையாகப் போக நம்மில் யார் ஆயத்தம்?