கன்வர்ட்டரைக் கழற்றச் சொன்னால்…

காந்தி சாலை பட்டுக்கடைக்கும் பிள்ளையார்பாளையம் வீட்டுக்கும் நடுவே மட்டுமே ஓடும் கார்கள் காஞ்சிபுரத்தில் நிறைய. இன்ஜின் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். அப்படி ஓடிய கார் ஒரு நாள் இழுக்காமல் போய், பட்டறையில் விட்டால், "கன்வர்ட்டர் அடைச்சுக்கிச்சு சார், எடுத்துட்டு நேர் பைப் வெச்சுடலாம், பிக்கப் பிச்சுக்கும்" என்பார்கள். தலையாட்டி விடாதீர்கள். கீழே உள்ளதை வரிசையாகச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

1. ஸ்கேனர் போடச் சொல்லுங்கள்

திரையில் வரும் கோடை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பி0420 என்றால் கன்வர்ட்டர் புகையைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். அடைத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை. இந்த ஒரு குழப்பத்திலேயே பாதிக் கன்வர்ட்டர்கள் கழற்றப்படுகின்றன. பி0300 முதல் பி0304 வரை ஏதாவது கூடவே வந்தால் இன்ஜினில் மிஸ்ஸிங் இருக்கிறது. முதலில் பிளக், காயில், இன்ஜெக்டர் பாருங்கள். அதுவரை கன்வர்ட்டர் பேச்சே வேண்டாம்.

2. அடைப்பு உண்மைதானா?

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். கன்வர்ட்டர் அடைத்தாலும், பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும், கிளட்ச் தேய்ந்தாலும் ஓட்டுபவர் சொல்வது ஒன்றுதான்: "வண்டி இழுக்கல." பிரித்துப் பார்க்க வழி உண்டு.

ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் முள் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச். முள்ளே ஏறத் திணறினால் பெட்ரோல், காற்று, சைலன்சர் வழி ஆகிய மூன்றில் ஒன்று. ஏர் ஃபில்டரையும் பெட்ரோல் பிரஷரையும் பார்த்துத் தள்ளிவிட்டால் மிச்சம் சைலன்சர் வழிதான்.

இப்போது பிரஷர் கேஜ் வேண்டும். வண்டி ஆறியதும் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஓ2 சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை முடுக்கி, ஸ்டார்ட் செய்ய வேண்டும். வண்டி நின்றபடி ஓடும்போது ஒன்றரை பிஎஸ்ஐக்குள் இருந்தால் சரி. 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்து, முள் மூன்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அடைப்பு உறுதி.

கேஜ் இல்லாத பட்டறையில் ஒரு குறுக்குவழி: முன் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தெரு தூரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் காதைப் பிளக்கும், பரவாயில்லை. செத்துக் கிடந்த பிக்கப் சட்டென்று திரும்பினால் அடைப்பு அந்த ஓட்டைக்குப் பின்னால்தான். கன்வர்ட்டரா, பின் சைலன்சரா என்பதை ரப்பர் சுத்தியல் சொல்லும். டப்பாவை லேசாகத் தட்டும்போது கலகலவென்றால் உள்ளே இருக்கும் தேன்கூடு பீங்கான் உடைந்திருக்கிறது. சத்தமே வராவிட்டாலும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். உருகி அடைத்தது கலகலக்காது.

3. கழற்றினால் பவர் கூடுமா?

அடைத்ததை எடுத்தால் கூடும். அது போன பவர் திரும்புவது. புது கன்வர்ட்டர் போட்டாலும் அதேதான் நடக்கும். நல்ல நிலையில் இருப்பதை எடுத்தால், டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் காலுக்குத் தெரியும் அளவுக்கு ஒன்றும் கூடாது. கூடுவது சத்தம். சத்தத்தைப் பிக்கப் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பின்விளைவு தொடர்ந்து வரும். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரும் முன் சென்சாரும் ஒரே புகையைப் பார்ப்பதால் இன்ஜின் விளக்கு எரிந்தபடியே இருக்கும். நாளை வேறு கோளாறு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. முன் சென்சார் அருகே வெல்டிங் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். கம்ப்யூட்டர் பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றும். மைலேஜ் போவது அப்படித்தான்.

பின் சென்சாருக்கு ஸ்பேசர் வைத்து விளக்கை அணைப்பவர்களும் உண்டு. புகைச் சான்று மையத்தின் கருவி அதற்கு ஏமாறாது. பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார் நின்றபடி ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. புகை வரம்பு மீறினால் 10,000 ரூபாய் வரை தனி.

4. கெடுத்தது எது?

கன்வர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து பீங்கானை உருக்கும். இன்ஜின் ஆயில் குடித்தால் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் பூச்சை மூடிவிடும். ஹெட் கேஸ்கெட் கசிந்தால் கூலன்ட்டும் அதையே செய்யும். இவற்றைச் சரிசெய்யாமல் புதியது மாட்டினால் பணம் சைலன்சர் வழியாகவே போகும். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அப்போதே ஓரம் கட்டுங்கள். வீடு வரை ஓட்டிவிடலாம் என்பது மிக விலை உயர்ந்த முடிவு.

5. பிஎஸ்6 டீசல் என்றால்

அடைப்பது பெரும்பாலும் டிபிஎஃப், அதாவது புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. சேர்ந்த கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ராஜ வீதிகளிலும் கருட சேவை நெரிசலிலும் அது வராது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால் பொன்னேரிக்கரை வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். விளக்கு அணையாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான்.

பெட்ரோல் காரையும் வாரம் ஒருமுறை இப்படி ஓட்டுவது நல்லது.

6. மாற்றுவதானால்

கம்பெனி பாகம் மட்டும். மலிவானவற்றில் பூச்சு மெலிது. சில மாதத்தில் பி0420 திரும்பும். பார்ட் நம்பரோடு பில் வாங்குங்கள். பழைய டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. காயலான் கடையில் அதற்கு என்ன மதிப்பு என்று பட்டறைக்குத் தெரியும். "அது வேஸ்ட் சார், நாங்களே போட்டுடறோம்" என்று அவர்கள் சொன்னால், கழற்றச் சொன்னதன் காரணங்களில் ஒன்று அதுவாக இருக்கலாம்.