பத்தில் எடுக்கும் முடிவும் பதினொன்றில் திறக்கும் கதவும்

மேல்நிலை வகுப்பில் சேர வரும் மாணவரிடம் "எந்த குரூப்?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். புதுச்சேரிக்கெனத் தனித் தேர்வு வாரியம் இல்லாததால், புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. தமிழ்நாட்டு முறையில் ஒரு மொழிப்பாடம், ஆங்கிலம், நான்கு பாடங்கள் கொண்ட ஒரு தொகுப்பு என்பதே அமைப்பு. அந்தத் தொகுப்புதான் 'குரூப்'.

2023-24ஆம் கல்வியாண்டில் நம் அரசுப் பள்ளிகளின் 9, 11ஆம் வகுப்புகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திற்கு மாறின. மறு ஆண்டு 10, 12ஆம் வகுப்புகளும் மாறின. பாட அமைப்பு மாறிவிட்டது. நம் கேள்வி மட்டும் மாறவில்லை.

அடிப்படைப் பாடங்களும் விருப்பப் பாடங்களும்

9, 10ஆம் வகுப்புகளில் இரண்டு மொழிகள், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தும் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள். விரும்பினால் ஆறாவதாக ஒரு திறன் பாடம் படிக்கலாம். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றில் தேறாதவர், ஆறாவதாக எடுத்த திறன் பாடத்தில் தேறியிருந்தால் அது ஈடாகும்.

11, 12ஆம் வகுப்புகளிலும் ஐந்து பாடங்களே. முதலாவது ஆங்கிலம் அல்லது இந்தி. இரண்டாவது வேறொரு மொழியாகவோ விருப்பப் பாடமாகவோ இருக்கலாம். மற்ற மூன்றும் விருப்பப் பாடங்கள். ஆறாவது பாடம் மாணவர் விருப்பம். வாரியத்தின் பட்டியல் நீளமானது. ஆனால் ஆசிரியர் உள்ள பாடங்களைத்தான் ஒரு பள்ளி நடத்த முடியும்.

கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள்

முதலாவது, கணிதம். 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்திற்கு ஸ்டாண்டர்ட், பேசிக் என இரு வினாத்தாள்கள் உள்ளன. பாடத்திட்டம் ஒன்றே, வகுப்பும் ஒன்றே. பேசிக் வினாத்தாள் எளிது. ஆனால் அதை எழுதியவர் பதினொன்றில் பயன்பாட்டுக் கணிதம் எடுக்கலாமே தவிர, கணிதம் எடுக்க முடியாது என்பதே விதி. சில ஆண்டுகளில் தளர்வு அளிக்கப்பட்டது. அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தத் தாள் என்பது, தேர்வர் பட்டியல் அனுப்பும்போதே முடிவாகிவிடுகிறது. பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் எண்ணி, தயங்கும் மாணவர் எல்லோரையும் பேசிக் பக்கம் தள்ளினால், பொறியியல் கதவை அவர்கள் அறியாமலே நாம் மூடுகிறோம்.

இரண்டாவது, மொழி. ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் எடுத்தாலே ஐந்து பாடங்கள் நிறைந்துவிடும். தமிழோ பிரெஞ்சோ இல்லாமலே பள்ளிப் படிப்பு முடியும். ஜிப்மரில் செவிலியராகப் போகும் பிள்ளை, நோயாளியிடம் மருந்தை விளக்கப்போவது தமிழில்தான். தமிழை ஆறாவது பாடமாக எடுக்க வழி இருப்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்.

வகுப்பறைச் செயல்பாடு: ஒன்பதாம் வகுப்பு, ஒரு பாடவேளை

1. ஒவ்வொரு மாணவரும் தமக்குப் பிடித்த இரண்டு தொழில்களை எழுதட்டும்.

2. கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைக: தொழில், பன்னிரண்டில் தேவையான பாடங்கள், பத்தில் எடுக்க வேண்டிய முடிவு.

3. சேர்ந்து நிரப்புக. மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங்: ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல். கட்டடக்கலை: கணிதம், இயற்பியல். சட்டம், பட்டயக் கணக்காளர்: எந்தப் பிரிவும் தடையில்லை.

4. "நீங்கள் எழுதிய இரண்டு தொழில்களுக்கும் வழி திறந்திருக்க, பத்தாம் வகுப்பில் எதை விடக்கூடாது?" என்று கேட்க.

நான்காவது கேள்வியே இச்செயல்பாட்டின் நோக்கம். பதினான்கு வயதில் தொழிலை முடிவு செய்ய வேண்டியதில்லை. வழிகளை அடைக்காமல் இருந்தால் போதும்.

தொடக்கப் பள்ளியின் பங்கு

விருப்பப் பாடம் மேல்நிலையில் தொடங்கினாலும், அதை விரும்பும் துணிவு தொடக்க வகுப்பிலேயே உருவாகிறது. மில்லிலிட்டரை லிட்டராக்கத் தடுமாறும் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குக் கடினமாக இருப்பது வேதியியல் அன்று, தசமம். அதைத் தொடக்க வகுப்பில் அளவுச்சாடியும் தண்ணீரும் வைத்துப் புரியவைத்த ஆசிரியர், அறிவியல் பிரிவின் கதவைத் திறந்து வைத்தவர் ஆகிறார்.

ஆசிரியர் கூட்டத்தில் கலந்துரையாட

நம் பள்ளியில் பேசிக் தாளைத் தேர்ந்தெடுப்பவர் மாணவரா, நாமா? நம் பள்ளியில் இல்லாத விருப்பப் பாடம் அருகில் எந்தப் பள்ளியில் உள்ளது என்று நமக்குத் தெரியுமா? இவ்விரண்டுக்கும் விடை எழுதி, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் வைப்போம்.