கருப்பைக் கட்டி: சிகிச்சைக்கு முன் தெளிவு தேவை

கருப்பையின் தசைச் சுவரில் தோன்றும் நார்க்கட்டிகள், மாதவிடாய்ப் பருவத்துப் பெண்களிடையே பரவலாகக் காணப்படுபவை. இவை புற்றுநோய் அல்ல. எனினும், மிக அரிதாக அதே தசையில் 'லியோமயோசார்கோமா' என்னும் கொடிய புற்றுநோயும் தோன்றுவதுண்டு. மிகுந்த உதிரப்போக்கு, அடிவயிற்று வலி, வயிறு பருத்தல் ஆகிய அறிகுறிகள் இரண்டிற்கும் பொதுவானவை.

இருவகைத் தீங்குகள்

இவற்றைப் பிரித்தறியத் தவறினால் இருவகைத் தீங்குகள் நேரக்கூடும். ஒன்று, புற்றுநோய் அச்சத்தால் தேவையின்றிக் கருப்பையை இழத்தல். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நிகழ்ந்த தேவையற்ற கருப்பை அகற்றங்கள் குறித்த பொதுநல வழக்கில், மைய அரசின் நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டுமென உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

மற்றொன்று, மறைந்துள்ள புற்றை நார்க்கட்டியெனக் கருதி, லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றுக்குள்ளேயே துண்டுகளாக நறுக்கி எடுத்தல். இதனால் புற்றணுக்கள் வயிற்றறையில் சிதறிப் பரவக்கூடும். நார்க்கட்டிக்கென அறுவை செய்துகொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 350 பேருக்கு ஒருவரிடம் கருப்பைச் சார்கோமா மறைந்திருக்கலாமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014ஆம் ஆண்டு மதிப்பிட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் சில இதனினும் குறைந்த விகிதத்தையே காட்டின. நறுக்குதல் ஏற்புடையதாக உள்ள நிலையிலும், அதனை உறைப்பைக்குள் வைத்தே செய்ய வேண்டுமென அந்நிர்வாகம் 2020இல் வலியுறுத்தியது.

பிரித்தறியும் முறை

நோயாளியின் வயதும் வரலாறும் முதலில் கருதத்தக்கவை. மாதவிடாய் நின்றபின் கட்டி வளர்தல், இடுப்புப் பகுதியில் முன்னர் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருத்தல், டமாக்சிஃபென் மருந்தை நெடுநாள் உட்கொண்டிருத்தல் ஆகியன ஐயத்தை மிகுவிக்கும். மாதவிடாய்ப் பருவத்தில் கட்டி விரைந்து வளர்வது மட்டுமே புற்றுக்குச் சான்றாகாது.

அல்ட்ரா சவுண்டு முதற்கட்டச் சோதனையாகும். ஐயம் எழின் எம்.ஆர்.ஐ. படம் பெரிதும் துணைபுரியும். இயல்பற்ற உதிரப்போக்கு இருப்பின், கருப்பை உட்சவ்வின் திசுவை ஆய்தல் பயன் தரும்; ஆயினும் தசைக்குள் ஆழ்ந்துள்ள புற்று அதில் தப்பிவிடலாம். அறுவைக்கு முன் முழு உறுதி அளிக்கும் தனிச் சோதனை எதுவும் இல்லை. ஆகவே சான்றுகள் அனைத்தையும் ஒருங்கே சீர்தூக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

ஐயத்திற்குரிய கட்டியை நறுக்காமல் முழுமையாக அகற்றுவதும், அகற்றிய திசுவைத் தவறாது நோயியல் ஆய்வுக்கு அனுப்புவதும் இன்றியமையாதவை. எம்.ஆர்.ஐ. வசதியற்ற மருத்துவமனைகள், ஐயத்திற்குரியோரை உயர்நிலை மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். தொல்லை தராத நார்க்கட்டிக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். இச்செய்தியைப் பெண்களுக்கு எளிய மொழியில் விளக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.