அறாத தொடுப்பு

ஆசிரியரும் மாணவரும் பலர் கூடி ஒரே குறிப்புத் தொகுதியை எழுதி வளர்க்கும் வழக்கம் இக்காலத்திற் பெருகி வருகின்றது. அக்குறிப்புக்களை அலங்காரமற்ற வெற்றெழுத்துக் கோப்புக்களாக வைத்தலே நன்று என்பது எமது துணிபு. எந்தக் கணினியும் அவற்றை வாசிக்கும். எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை. ஆயின், ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லுந் தொடுப்பைக் காத்தல் எளிதன்று. தொடுப்பு ஒருவழிப் பாதை. சுட்டப்படுங் கோப்பு, தன்னை எவர் சுட்டுகின்றார் என்பதை அறியாது. ஆதலின், ஒருவர் ‘ஒளியியல்’ என்ற கோப்பை ‘ஒளித்தெறிப்பு’ எனப் பெயர் மாற்றியவுடன், பிறர் எழுதிய பத்துக் குறிப்புக்களின் தொடுப்புக்கள் ஓசையின்றி முறிகின்றன. அதனை முதலிற் காண்பவர் பெரும்பாலும் பரீட்சைக்கு முந்திய இரவில் அக்குறிப்பைத் தேடும் மாணவரே.

இச்சிக்கல் கணினிக்கு முந்தியது. ஜேர்மனியச் சமூகவியலறிஞர் நிக்கிளாஸ் லூமன் (1927–1998) ஏறத்தாழ 90,000 குறிப்பட்டைகளைப் பெட்டிகளிற் சேர்த்து வைத்தார். பொருளுக்கேற்ப அவற்றை மாற்றி மாற்றி அடுக்கினாரல்லர்; ஒவ்வோர் அட்டைக்கும் நிலையானதோர் இலக்கமிட்டார். 57/12, 57/13 என்னும் இரண்டுக்குமிடையே புதிய கருத்தொன்று தோன்றின், 57/12 உடன் ஓரெழுத்தைச் சேர்த்து இடையிற் செருகினார். பழைய இலக்கம் எதுவும் மாறவில்லை. ஆகவே பழைய சுட்டு எதுவும் பொய்க்கவுமில்லை.

நாமும் அவ்வாறே செய்யலாம். கோப்பை உண்டாக்கிய ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவற்றைச் சேர்த்து 202503141020 எனப் பெயரிடுக. பலர் எழுதுமிடத்தில் இருவர் ஒரே நிமிடத்தில் தொடங்குதல் கூடுமாதலின், ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் வகுத்து ஈற்றிற் சேர்த்தல் வேண்டும். கோப்பு வேறு உறைக்குச் சென்றாலும், தொகுதி முழுவதிலும் அவ்விலக்கத்தைத் தேடின் அது அகப்படும்.

முகவரியை வட்டின் பெயரிலிருந்து முழுமையாக எழுதுதல் தவறு. எழுதியவர் கணினியில் அது திறக்கும். நண்பர் கணினியில் அவ்வட்டோ அவ்வுறையோ இராது. குறிப்பு இருக்குமிடத்திலிருந்து வழி சொல்லுஞ் சார்புமுகவரியே தக்கது. அதில் இரு புள்ளிகள் மேலுறையைக் குறிக்கும். ஆங்கிலப் பெயராயின், பெரிய எழுத்தையுஞ் சிறிய எழுத்தையும் விண்டோஸ் பொதுவாக ஒன்றெனக் கொள்ளும். லினக்ஸ் வேறெனக் கொள்ளும். பெயரிலுள்ள இடைவெளியும் பல செயலிகளில் தொடுப்பை நடுவே அறுத்துவிடும்.

தமிழ்ப் பெயரில் இன்னுமொரு நுட்பமுண்டு. இதனைப் பலர் கவனிப்பதில்லை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் கணினிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். ‘கொள்ளளவு’ என்று இருவர் வெவ்வேறு விசைப்பலகையில் எழுதினால், கோப்பு கண்முன்னே இருக்கவும் ‘இல்லை’ என்னும் விடை வரலாம். பிழை எங்கேயென எழுத்தெழுத்தாகப் பார்ப்பினும் தெரியாது.

இலக்கத்தைக் கோப்பின் பெயராகவும், தமிழ்த் தலைப்பை அதன் முதல் வரியாகவும் வைத்துக்கொண்டால் இவ்விடர் மூன்றும் ஒருங்கே நீங்கும். பெயர் பொருளை உணர்த்தாதே என்பார்க்கு, தலைப்புக்களையும் இலக்கங்களையும் கொண்ட பொருளடக்கக் கோப்பு ஒன்று போதும். எஞ்சியது, எல்லாத் தொடுப்பையும் வாசித்து, சுட்டிய கோப்பு உண்டோவெனப் பார்க்குஞ் சிறு நிரலொன்றே. அதனை உயர்வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு மாலையில் எழுதிவிடலாம். மாற்றங்களைப் பிறருக்கு அனுப்புமுன் ஒவ்வொரு முறையும் அதனை ஓட்டுக.