பேட்டரி போல்ட் கழலலையா? பதறாதீங்க!



விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான். செராமிக் தொழிற்பேட்டையில் செய்யும் அகல் விளக்குகளும் பொம்மைகளும் கார்த்திகை நெருங்கினால் வெளியூர்ச் சந்தைகளுக்குக் கிளம்பிவிடும். நம் குழு ஒன்று கடன் வாங்கி எடுத்த சிறிய லோடு வண்டியும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த வண்டியின் பேட்டரி செத்துப்போனது. புதுசு வாங்கியாச்சு. ஆனால் பழசை எடுக்க முடியவில்லை. பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்பில் ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டது. இன்னொன்று எவ்வளவு திருப்பினாலும் கழலாமல் சுத்திக்கிட்டே இருந்தது. பட்டறையில் கேட்டால், “தட்டையே வெட்டி எடுத்து வெல்டிங் வைக்கணும், ரெண்டு நாள் ஆகும்” என்றார்கள்.

வண்டி ஓட்டும் சகோதரி தானே ஸ்பேனரை எடுத்தார். ஸ்பேனர் நழுவி பிளஸ் முனையையும் வண்டியின் இரும்பையும் ஒன்றாகத் தொட்டது. ‘படார்’ என்று தீப்பொறி! விரலில் சிறு சூட்டுக் காயத்தோடு தப்பினார். “12 வோல்ட்டுதானே மேடம், ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்” என்றார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஏன் ஆபத்து?

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் இரும்பு குறுக்கே விழுந்தால் ஒரே நொடியில் பெரும் மின்சாரம் பாய்ந்து அந்த இரும்பு பழுக்கக் காய்ந்துவிடும். நம் ஊரில் செய்யும் பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்பேனர் கடத்தும். உலோக வளையல், மோதிரம், தாலிக்கொடியும் கடத்தும். மேலும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பொறி பட்டால் வெடிக்கும். அதன் உள்ளே இருப்பது கந்தக அமிலம். அது கசிவதால்தான் போல்ட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

முதலில் செய்ய வேண்டியவை

1. வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். தாலிக்கொடியை உள்ளே போட்டு, முந்தானையை இழுத்துச் செருகுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

2. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது.

3. மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். வண்டியின் இரும்பு உடம்பு மைனஸோடு சேர்ந்திருக்கிறது. அதைப் பிரித்த பிறகு ஸ்பேனர் நழுவினாலும் பயமில்லை. அடுத்து பிளஸ் வயரைக் கழற்றி, இரண்டு முனைகளையும் பழைய ரப்பர் டியூப் துண்டால் மூடுங்கள்.

4. போல்ட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் துடையுங்கள். பேட்டரி மூடி வழியாக அது உள்ளே போகக் கூடாது.

இறுகிய போல்ட்டுக்கு

துரு நீக்கும் எண்ணெயை மரையில் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். அளவு சரியான ஸ்பேனரையே போடுங்கள். தளர்வாக இருந்தால் தலை மழுங்கிவிடும். ஒரேயடியாகத் திருகாமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மாறி மாறிச் செய்யுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள், பேட்டரி விரிசல் விடும். தீ வைத்துச் சூடேற்றவே கூடாது.

சுத்துகிற போல்ட்டுக்கு

இதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. அடியில் நட்டும் கூடவே சுற்றுகிறது அல்லது மரை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே கை விட்டுப் பாருங்கள். நட்டு தெரிந்தால் ஒருவர் அதை இன்னொரு ஸ்பேனராலோ வைஸ் கிரிப்பாலோ பிடிக்க, மற்றவர் மேலே திருப்பலாம். கொக்கி வடிவக் கம்பியாக இருந்தால் கம்பியையே பிடித்துக்கொள்ளுங்கள். மரை தேய்ந்திருந்தால் கிளாம்புக்கு அடியில் திருப்புளியை நுழைத்து மேல் பக்கம் நெம்பிக்கொண்டே திருப்புங்கள், மரை பிடிக்கும். பேட்டரி மேல் வைத்து நெம்பாதீர்கள்.

எதற்கும் மசியாவிட்டால் கை ஹாக்சா பிளேடால் மெதுவாக அறுத்து எடுக்கலாம். கிரைண்டர் மிஷின் வேண்டாம். அதன் பொறியே போதும் வெடிப்பதற்கு.

அந்தச் சகோதரியின் வண்டியில் நடந்ததும் இதுதான். அடியில் வெல்டிங் விட்டுப்போன நட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் இரண்டு பேர் மேலும் கீழுமாகப் பிடித்துக் கழற்றினார்கள். விளக்குகள் நேரத்துக்குச் சந்தைக்குப் போயின.

மாட்டும்போது

தட்டைக் கழுவி, காயவைத்து, பெயிண்ட் அடியுங்கள். புது போல்ட், நட்டுப் போட்டு மரையில் கிரீஸ் தடவுங்கள். இப்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். “ஆடாம இருந்தா போதும்” என்று கயிற்றால் கட்டிவிடாதீர்கள். குண்டும் குழியுமான ரோட்டில் பேட்டரி குதித்தால் உள்ளே தகடுகள் உதிர்ந்து, புது பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

அமிலம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 20 நிமிடமாவது தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் சோடா கரைசல் விடக் கூடாது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- மைனஸ் வயரை ஏன் முதலில் கழற்ற வேண்டும்?
- இறுகிய போல்ட்டுக்கும் சுத்துகிற போல்ட்டுக்கும் வைத்தியம் ஏன் வேறு?
- நம் குழு வண்டியின் பேட்டரி கிளாம்பைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், நாளைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள் சகோதரிகளே!