'ஸ்ட்ரூ' என்றொரு வினை: மொழிபெயர்க்கத் தொடங்குவோருக்கு எட்டு அறிவுரைகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, கடினமான சொற்கள் உங்களை ஏமாற்றுவதில்லை. தெரியவில்லை என்பது தெரிவதால் அகராதியை எடுத்துவிடுவீர்கள். வழுக்கிவிடுபவை சின்னச் சொற்கள்தாம். 'ஸ்ட்ரூ' (strew) அப்படி ஒன்று. 'சிதறு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். ஒரு வினையை எப்படி அறிந்துகொள்வது என்பதை இந்த ஒரு சொல்லைக் கொண்டே சொல்கிறேன்.

1. ஓசையையும் வடிவத்தையும் முதலில் உறுதி செய்யுங்கள். எழுத்தைப் பார்த்து 'ஸ்ட்ரெவ்' என்று படிக்காதீர்கள். நிகழ்காலத்தில் 'ஸ்ட்ரூ', இறந்தகாலத்தில் 'ஸ்ட்ரூட்', மூன்றாம் வடிவம் 'ஸ்ட்ரூன்'. மூன்றாம் வடிவத்துக்கும் 'ஸ்ட்ரூட்' என்றே எழுதுவோர் உண்டு, அது பிழையல்ல. ஆனால் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது 'ஸ்ட்ரூன்'தான்.

2. வேரைத் தேடிப் போங்கள். இது லத்தீனிலிருந்து இரவல் வாங்கிய சொல் அல்ல. பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு 'ஷ்ட்ராயன்'. கேக்கின் மேல் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசறித் தூவுகிறார்களே, அந்த 'ஷ்ட்ராய்சல்' அதிலிருந்து பிறந்தது. வைக்கோலைக் குறிக்கும் 'ஸ்ட்ரா'வும் இதே குடும்பம். தரையில் பரப்பப்படுவது என்பதால் வந்த பெயர். ஆக, தரையில் பரப்புவதுதான் இந்த வினையின் பழைய வேலை. வேர் தெரிந்தால் சொல்லின் இயல்பு பிடிபடும்.

3. சொல் புழங்கிய வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். பழைய இங்கிலாந்தில் வீட்டுத் தரையில் நாணற்புல்லைப் பரப்பி, அதன் மேல் மணமூலிகைகளைத் தூவுவார்கள். நடப்பவர் காலில் மிதிபட்டு மணம் எழும். தாமஸ் டஸ்ஸர் 1573இல் வெளியிட்ட வேளாண்மை நூலில், தரையில் தூவ ஏற்ற செடிகளுக்கென்றே தனிப்பட்டியல் உண்டு. லாவெண்டர், ரோஜா, புதினா, திருநீற்றுப் பச்சிலையின் இனமான பேசில் எல்லாம் அதில் வருகின்றன. அரண்மனையில் இதற்கென்று ஒரு பதவியே இருந்தது. 1821இல் நான்காம் ஜார்ஜ் முடிசூடியபோது ஆன் ஃபெல்லோஸ் என்ற பெண்மணி ஆறு தோழியரோடு ஊர்வலத்தின் முன்னே மூலிகையும் மலரும் தூவிச் சென்றார். இதைப் படித்த பிறகும் இந்த வினைக்குக் கண்ணை மூடிக்கொண்டு 'சிதறு' என்று எழுதக் கை வராது.

4. ஒரே சொல் என்பதற்காக ஒரே தமிழைப் போடாதீர்கள். 1611இல் வந்த ஆங்கில பைபிளில், மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் எருசலேமுக்குள் நுழையும் இயேசுவின் முன் மக்கள் மரக்கிளைகளை வழியில் இடும் இடத்திலும், 25ஆம் அதிகாரத்தில் தாலந்து உவமையில் ஊழியன் எஜமானிடம் பேசும் இடத்திலும், 'ஸ்ட்ரூ'வின் பழைய வடிவம் ஒன்றே வருகிறது. நம் வீடுகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். முதலிடத்தில் 'பரப்பு', இரண்டாமிடத்தில் 'தெளி'. மூலமான கிரேக்கத்திலும் அவை வேறு வேறு வினைகளே. கிளையைப் பரப்புகிறோம், விதையைத் தெளிக்கிறோம். கையில் இருக்கும் பொருள்தான் தமிழ் வினையைத் தீர்மானிக்கிறது.

5. பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தறியுங்கள். 'ஸ்காட்டர்' என்பது தானாகவும் நிகழும்; கல்லெறிந்தால் பறவைகள் சிதறுகின்றன. 'டிஸ்பர்ஸ்' கூட்டத்துக்கும் புகைக்கும் உரியது; அவை கலைகின்றன. 'ஸ்ட்ரூ'வுக்கு ஒரு பரப்பு வேண்டும்: தரை, மேசை, பாதை, கல்லறை. அதன் மேல் பொருள் கிடக்க வேண்டும். கூட்டத்தைக் கலைத்த போலீசுக்கு இந்த வினை பொருந்தாது. கூட்டம் போன பின் தெருவில் கிடக்கும் செருப்புகளுக்குப் பொருந்தும்.

6. செயப்படுபொருள் எது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் பூவையும் 'ஸ்ட்ரூ' செய்யலாம், பாதையையும் 'ஸ்ட்ரூ' செய்யலாம். ஹாம்லெட் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், இறந்துபோன ஒஃபீலியாவின் கல்லறையில் பூத்தூவும் அரசி, அவளுடைய மணப்படுக்கையை அலங்கரிக்க நினைத்திருந்ததைச் சொல்லி வருந்துகிறாள். அங்கே 'ஸ்ட்ரூ' ஏற்கும் செயப்படுபொருள் பூ அல்ல, கல்லறை. தமிழில் கல்லறையைத் தூவ முடியாது. கல்லறை மேல் பூவைத் தூவலாம். வாக்கியத்தைத் திருப்பிப் போடத் தயங்காதீர்கள். மூலத்துக்கு உண்மையாக இருப்பது வேற்றுமை உருபில் இல்லை.

7. 'ஸ்ட்ரூன்' வந்தால் செயப்பாட்டு வினைக்கு ஓடாதீர்கள். "சாலை கண்ணாடித் துண்டுகளால் சிதறப்பட்டிருந்தது" என்று ஒரு செய்தியில் படித்தேன். சாலை எப்படிச் சிதறும்? "சாலையெங்கும் கண்ணாடித் துண்டுகள் சிதறிக் கிடந்தன" என்று சொன்னால் முடிந்தது. நம்மிடம் 'கிடக்கிறது' என்ற அருமையான துணைவினை இருக்கிறது. துணிமணி இறைந்து கிடக்கிறது, பூ உதிர்ந்து கிடக்கிறது, நெல் சிந்திக் கிடக்கிறது. பொருள் அங்கே எப்படி வந்தது என்பதை முதல் வினை சொல்கிறது. அது இருக்கும் நிலையைக் 'கிடக்கிறது' சொல்கிறது. ஆங்கிலம் ஒரு வடிவத்தில் அடக்கியதைத் தமிழ் இரண்டாகப் பகிர்ந்துகொள்கிறது.

மனம் வைத்துச் செய்ததா, தானாக ஆனதா என்பதை ஆங்கிலச் சொல் பல நேரம் மறைத்துவிடும். தமிழில் மறைக்க முடியாது. தூவினால் அன்பும் கவனமும் உண்டு, வாரி இறைத்தால் கணக்கில்லை, சிந்தினால் கைதவறல், சிதறினால் ஏதோ உடைந்திருக்கிறது. அதனால் வாக்கியத்தை மட்டும் படித்து மொழிபெயர்க்காதீர்கள். முன்பின் பத்தியைப் படித்து, யார் செய்தார், ஏன் செய்தார் என்று தெரிந்த பிறகே வினையைத் தேர்ந்தெடுங்கள்.

8. இதைப் பழக்கமாக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சந்திக்கும் ஒவ்வொரு வினைக்கும் நான்கு கேள்விகள்: யார் செய்கிறார், எதைச் செய்கிறார், எதன் மேல் நிகழ்கிறது, முடிவில் அந்தப் பொருள் என்ன நிலையில் இருக்கிறது. விடையை ஆங்கில அகராதியிலிருந்து மட்டும் எழுதாதீர்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் தூவு, தெளி, இறை, சிதறு நான்கையும் அருகருகே வைத்து, அதில் தந்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். வயலிலும் சமையலறையிலும் பேசுகிறவர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். நாற்றங்காலில் விதை தெளிக்கிற பெண்ணுக்கு இந்த வேறுபாடெல்லாம் பாடமே தேவையில்லாமல் தெரியும். அவர் பேசும் தமிழை வாசகருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. நாளைக்கே ஒரு வினையோடு தொடங்குங்கள்.