வீணாகும் வெப்பமும் விளையும் மின்னும்

எரிபொருளை எரித்து மின்னைப் பிறப்பிக்கும் நிலையங்களிலே, அவ்வெரிபொருளின் பெரும்பகுதி மின்னாக மாறுவதில்லை என்பதைப் பலர் அறியார். கொதிகலத்தில் 100 பங்கு வெப்பம் உண்டாயின், சாதாரண நீராவி நிலையமொன்று அதில் 35 முதல் 40 பங்கு வரையே மின்னாகத் தரும். எஞ்சியது எங்கே போகின்றது? கடலுக்கும் ஆற்றுக்கும் வானுக்கும் போகின்றது.

இது பொறியியலாரின் குறையன்று, இயற்கையின் நியதி. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குச் செல்லும்போதே வேலை செய்யும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824 ஆம் ஆண்டிலே விளக்கினார். சுழலியைச் சுழற்றிய நீராவி மீண்டும் நீராகக் குளிர வேண்டும். அப்போது அது கைவிடும் வெப்பமே நாம் இழப்பது.

இழப்பைத் தவிர்க்க முடியாதெனினும் பயன்படுத்த முடியும். நீராவியைச் சற்று உயர்ந்த வெப்பநிலையிலேயே சுழலியிலிருந்து எடுத்து, அதனால் நீரைச் சூடாக்கி, வெப்பம் கசியாத குழாய்கள் வழியே அயலிலுள்ள வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பலாம். மின் சிறிது குறையும். ஆயினும் மின்னும் வெப்பமும் சேர்ந்து 100 இல் 80 முதல் 90 பங்கு வரை பயனாகும். இதனையே வெப்ப மின் இணை உற்பத்தி என்பர்.

இம்முறையைச் செவ்வனே கையாண்ட நாடு டென்மார்க். 1903 ஆம் ஆண்டிலேயே பிரெடரிக்ஸ்பேர்க் நகரில் குப்பையை எரித்து, மின்னையும், அயலிலிருந்த மருத்துவமனைக்கு வெப்பத்தையும் வழங்கினர். 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின்போது அந்நாட்டின் சத்தியிற் பத்தில் ஒன்பது பங்கு பிறநாட்டு எண்ணெயாகவே இருந்தது. அத்துன்பம் அவர்களைச் சிந்திக்கச் செய்தது. 1979 ஆம் ஆண்டிலே வெப்ப வழங்கற் சட்டம் இயற்றி, எவ்வூருக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் எனத் திட்டமிடும் கடமையை நகரசபைகளிடம் ஒப்படைத்தனர். இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பொதுக் குழாய்களிலிருந்தே வெப்பம் பெறுகின்றன.

நகரசபைகளிடம் ஒப்படைத்தமைக்குக் காரணம் உண்டு. மின் கம்பி வழியே நெடுந்தொலைவு செல்லும்; வெப்பமோ தொலைவு செல்லச் செல்லக் குறையும், குழாய்ச் செலவும் ஏறும். ஆதலின் வெப்பம் ஊருக்குரிய செல்வம். அதனை ஊராரே திட்டமிடல் வேண்டும். வெப்பத்திற்கு இடையறாத தேவை இல்லாதவிடத்து இம்முறை பயன் தராது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

வெப்ப நாடாகிய இலங்கையில் வீடுகளுக்குச் சூடு வேண்டுவதில்லை. ஆயினும் தேயிலைக் கொழுந்தை உலர்த்தவும், கரும்புச் சாற்றைக் காய்ச்சவும், துணிக்குச் சாயமேற்றவும் வெப்பம் வேண்டும். கரும்புச் சக்கையை எரித்து, அந்நீராவியால் மின்னையும் பெற்றுச் சாற்றையும் காய்ச்சுதல் சீனி ஆலைகள் உலகெங்கும் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழக்கம். மலையகத் தொழிற்சாலைகளோ பெரும்பாலும் விறகை எரித்து வெப்பத்தை மாத்திரம் பெற்று, மின்னை வெளியிலிருந்து வாங்குகின்றன. ஒரே நெருப்பால் இரண்டு பயனும் பெறும் வழி, எங்கெங்கே செலவுக்குத் தகும் என்பதை ஆராய்தல் நம் பொறியியலார் முன்னுள்ள பணியாகும்.

எரிபொருளைப் பிறநாடுகளிலிருந்து விலைகொடுத்து வாங்கும் நாடு, அதன் பாதிக்கு மேலானதைக் கடலிற் கரைத்துவிட்டுச் செல்வம் இல்லையென வருந்துதல் பொருந்துமா? புதிய ஆலையொன்றை அமைப்போர் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவே: இங்கு வீணாகும் வெப்பம் அயலில் யாருக்குப் பயன்படும்?